டெலிபோன் கேட்ட குழந்தை

‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ என்று பேச்செடுத்தால் போதும், ரசிகர்கள் குரங்கு மனிதன் வீசும் எலும்பில் ஆரம்பித்து ஹால் என்ற கணினியில் வந்து நிற்பார்கள். கடைசி ஒளிப் பாய்ச்சலை நினைத்து மெய்சிலிர்ப்பவர்களும் உண்டு. சண்டைக்கு நான் வரவில்லை. ஹாலுக்கு டக்ளஸ் ரெய்ன் கொடுத்த அந்தக் குரலை யார் குறை சொல்லிவிட முடியும்? ஆனால் என்னைக் கேட்டால், படத்தின் உச்சம் விண்வெளி நிலையத்திலிருந்து ஒரு அப்பா வீட்டுக்குப் போன் போடும் காட்சிதான்.

அந்த அப்பா, டாக்டர் ஃப்ளாய்ட், போன் கூண்டுக்குள் போய் உட்காருகிறார். திரையில் மகள். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். பார்த்துக்கொள்ள வந்தவள் பாத்ரூமில். உன் பிறந்தநாளுக்கு என்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டு, எல்லா அப்பாக்களையும் போல, என்ன வாங்கி அனுப்பட்டும் என்று கேட்கிறார். டெலிபோன் என்கிறது குழந்தை. வீட்டில்தான் நிறைய இருக்கிறதே, வேறு கேள் என்கிறார். கொஞ்சம் யோசித்து, புஷ் பேபி என்கிறது.

பேசுகிற நேரம் முழுக்க அந்தக் குழந்தைக்கு இருப்பே கொள்ளவில்லை. நெளிகிறது, அசைகிறது, பதிலைப் பாதி மனசோடு சொல்கிறது. இயக்குநர் குப்ரிக்கின் சொந்த மகள் விவியன்தான் அது. தேர்ந்த குழந்தை நட்சத்திரம் யாரையாவது போட்டிருந்தால் காட்சி செத்திருக்கும். இங்கே ஃப்ளாய்டின் பக்கத்து ஜன்னலில் பூமி சுழன்றுகொண்டிருக்கிறது. மனிதர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறவர் வெளியே எந்த ஊர் போகிறது என்று பார்க்கிறாரா என்ன?

அழைப்பு முடிந்ததும் திரையில் கட்டணம் விழுகிறது: 1.70 டாலர். இந்த எண்ணை நான் எத்தனை பேரிடம் சிலாகித்திருப்பேன்! 1964இல் பெல் நிறுவனம் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் படத்தோடு பேசும் கூண்டுகளைத் திறந்தபோது 3 நிமிடத்துக்குக் குறைந்தது 16 டாலர் வாங்கியது. கூட்டம் சேரவில்லை. நான்கு வருடம் கழித்து வந்த படத்தில், அதே பெல்லின் பெயர் போட்ட கூண்டில், வானத்திலிருந்து பேசினாலும் சில்லறைக் காசுதான். ராக்கெட்டைக் கற்பனை செய்யப் பலர் உண்டு. ரசீதைக் கற்பனை செய்தவர்களைத்தான் நான் ரசிகனாகக் கும்பிடுகிறேன்.

ஜோசியம் பலிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். படத்தில் விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பான் ஆம் விமான நிறுவனம் 1991இல் மூடப்பட்டது. பெல் 1984இலேயே துண்டு துண்டானது. போன் சட்டைப்பைக்குள் வந்துவிடும் என்று குப்ரிக்கும் அவரோடு சேர்ந்து கதை எழுதிய கிளார்க்கும் காட்டவில்லை. ஆனால் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று இன்று ஒரு யுகேஜி குழந்தையைக் கேட்டுப் பாருங்கள், முதலில் என்ன சொல்கிறது என்று.

போன் காட்சிக்குத் தம்பி போல ஒரு காட்சி பிறகு வருகிறது. விண்வெளி வீரர் ஃப்ராங்க் பூல் சூரிய விளக்கின் கீழே படுத்திருக்கிறார். பெற்றோர் கேக்கோடு நின்று வாழ்த்துப் பாட்டுப் பாடி அனுப்பிய பதிவு ஓடுகிறது. அவர் முகத்தில் ஒரு ரேகைகூட அசையவில்லை. பிறகு ஹாலும் வாழ்த்துகிறது. நன்றி சொல்லிவிட்டு, அதே மூச்சில் படுக்கையைச் சரிசெய்யச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் யாருக்கும் இந்த முகம் தெரியும்.

‘பிளேட் ரன்னர்’ பக்தர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். வடிவமைப்பாளர் சிட் மீட் வரைந்து தந்த அந்த 2019 லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள், மழை, நியான், எல்லாம் அழகுதான். ஆனால் அங்கே எதிர்காலம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்னைப் பார், என்னைப் பார் என்கிறது. குப்ரிக்கின் எதிர்காலத்துக்குத் தன்மேலேயே சலிப்பு. எனக்கு அந்தச் சலிப்பு போதும்.

பிறகு வந்ததுதான் சகிக்கவில்லை. 2002இல் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’டில் டாம் க்ரூஸ் கையுறை மாட்டிக்கொண்டு காற்றில் கை வீசினார். ஸ்பீல்பெர்க் நிபுணர்களைக் கூட்டிவைத்து யோசித்து எடுத்த படம், அதில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றிலிருந்து எதிர்காலம் என்றாலே நீலக் கண்ணாடித் திரை, அதில் ஓடும் எண்கள், வீசும் கைகள். நம்மூர்ப் படங்களும் தப்பவில்லை. ஐம்பது வருடம் தள்ளி நடக்கும் கதையில் ஒருவராவது கரண்ட் பில்லைப் பற்றி முணுமுணுக்கிறாரா? ஒரு குழந்தையாவது பேச்சை முடிக்காமல் நழுவுகிறதா?

‘2001’ஐ நான் முதலில் பார்த்தது ஒரு ஃபிலிம் சொசைட்டியில், கீறல் விழுந்த பிரதியில். போன் காட்சியில் அரங்கம் லேசாகச் சிரித்தது. இப்போது என் வீட்டுப் பிள்ளைகளோடு பார்த்தால் அவர்களுக்கு அங்கே சிரிக்க எதுவும் கிடைப்பதில்லை. வீடியோ கால், அவ்வளவுதான்.

பெரிய திரையில் எங்காவது போட்டால் போய்ப் பாருங்கள். கைபேசியில் மட்டும் வேண்டாம்.