விபுலாநந்த அடிகளின் சமய நோக்கு: ஒரு மதிப்பீடு

கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவன் குளக்கோட்டன் என்பது திருகோணமலைச் சைவர் வழிவழிப் போற்றும் ஐதிகம். வரலாற்றாசிரியரோ அதனை ஏழாம் நூற்றாண்டினனாகிய இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்குவர். கட்டியவன் யாவனாயினும் ஆகுக. கோணேசர்க்குப் பூசை நடைபெற வயல் விளைதல் வேண்டும், வயல் விளையக் குளம் நிறைதல் வேண்டும் என்னும் தெளிவு அவ்வைதிகத்தில் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இம்மாவட்டத்துச் சைவத்துக்கு வேண்டியிருந்த குளம் பாடசாலையே என்று கண்டவர் விபுலாநந்த அடிகள்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். அடுத்த ஆண்டு திருகோணமலை இந்துக் கல்லூரி அச்சங்கத்தின் பொறுப்பில் வந்தபோது, அதன் அதிபராய் அமர்ந்தார். 1929இல் மட்டக்களப்பில் எழுந்த சிவானந்த வித்தியாலயமும் அவர்தம் முயற்சியே.

சைவக் கல்விக்குப் பாடசாலை வேண்டும் என்பதை அவர்க்கு முன்னரே நாவலர் உணர்ந்திருந்தார். வண்ணார்பண்ணையில் 1848இல் செய்தும் காட்டினார். ஆயினும் நாவலரிடத்தே சைவாசாரமும் சாதியொழுக்கமும் பிரியாது நின்றன. அடிகள் அவற்றைப் பிரித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில், மாலைப்பொழுதில் திருவேட்களத்து ஒடுக்கப்பட்டோர் சிறார்க்கு எழுத்தறிவித்தார். எவ்வுயிரிலும் இறைவன் உளன் என்னும் வேதாந்தம் அச்சேரியிலே பொருள் பெற்றது. அதனைச் சமூகத்தொண்டு என ஒருபுறமும், அவர்தம் தத்துவத்தை மற்றொருபுறமும் வைத்துப் பேசுவோர் அவரைப் பிழைபட உணர்ந்தோராவர்.

எனினும் ஒரு குறை சொல்லியாகவேண்டும். விவேகானந்தரின் ஞானயோகத்தைத் தமிழாக்கிய அடிகள், அவ்வத்துவிதத்துக்கும் தாம் பிறந்த மண்ணின் சைவசித்தாந்தத்துக்கும் உள்ள பிணக்கை நேர்நின்று ஆராய்ந்து ஒரு பெருநூல் செய்திலர். முப்பொருளும் அநாதி என்பார்க்கும் பிரமம் ஒன்றே என்பார்க்கும் இடையிலுள்ள வழக்கு, தொண்டினால் தீர்வதன்று. அவரளவு வடமொழியும் தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கு கற்றவர் அதனை எடுத்துக்கொள்ளாது விட்டமை ஈழத்துச் சமய சிந்தனைக்கு இழப்பே. சமரசம் என்ற ஒரு சொல்லால் அவ்விடைவெளியை மூடிவிடும் பாராட்டுரைகள் அவருக்குப் பெருமை சேர்ப்பன அல்ல.

அவர்தம் சைவத்தைக் காண விரும்புவோர் சமயக் கட்டுரைகளோடு அமையாது, யாழ்நூலையும் புரட்டுதல் வேண்டும். இசை நரம்புகளைக் கணக்கிட்டுச் செல்லும் அந்நூல், ஏழு இயல்களுள் ஒன்றைத் தேவாரத்துக்கென்றே ஒதுக்குகின்றது. சம்பந்தரும் நாவுக்கரசரும் சுந்தரரும் பாடிய பண்களை அங்கே பௌதிகம் கற்ற துறவி ஒருவர் அளந்து பார்க்கின்றார். அளந்ததனால் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. 1947 ஜூன் மாதத்தில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. ஜூலை 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.