கருவிக்குக் கைப்பிடி போடுவது யார்?

தச்சர் ஒருவர் புதிய உளி வாங்கி வந்தால் முதலில் என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் போட்டுக் கொடுத்த கைப்பிடியைக் கழற்றிவிட்டுத் தம் கைக்கு ஏற்ற கட்டையைச் செதுக்கி மாட்டிக்கொள்வார். பிறகு அது தளர்ந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. எங்கே ஆப்பு வைக்க வேண்டும் என்பது செய்தவருக்குத் தெரியுமல்லவா?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடமும் இத்தகைய உளி ஒன்று உண்டு. அதுவே உரைதிருத்தி. நிரலைத் தட்டச்சு செய்யவும், பிழை திருத்தவும், ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் நாள் முழுவதும் அவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். இவற்றுள் பல, திறந்த மூலநிரல் வகையைச் சேர்ந்தவை. அதாவது அவை எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஈமாக்ஸ், விம், விஎஸ் கோட் என்னும் மூன்றை எடுத்துக்கொண்டு, நம் விருப்பப்படி மாற்றியமைக்க எது தக்கது என்று ஆராய்வோம்.

மூன்றின் பிறப்பு

ஈமாக்ஸ் 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் டெக்கோ என்ற பழைய திருத்தியின் மேல் இதைக் கட்டினர். இன்று வழங்கும் குனு ஈமாக்ஸை ஸ்டால்மன் 1985இல் வெளியிட்டார். இதன் அடித்தளம் சி மொழியில் உள்ளது. மேற்பகுதியில் பெரும்பங்கு லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. அந்த லிஸ்ப் பகுதி முழுவதையும், திருத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் மாற்றலாம்.

விம் என்றதும் பாத்திரம் துலக்கும் தூள் நினைவுக்கு வரலாம். இது வேறு! பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதிய வீ-ஐ என்ற திருத்தியின் வழித்தோன்றல் இது. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அதனால் இன்றும் அந்த நான்கு விசைகளே விம்மில் இடம்விட்டு இடம் நகர உதவுகின்றன. நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் விம்மை 1991இல் வெளியிட்டு, 2023இல் மறையும்வரை பேணி வளர்த்தார். விம்மால் பயனடைந்தோர் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்பது அவர் விடுத்த வேண்டுகோள். 2014இல் இதிலிருந்து நியோவிம் என்ற கிளை பிரிந்தது. அதை லுவா மொழியில் மாற்றியமைக்கலாம்.

விஎஸ் கோட் இளையது. மைக்ரோசாப்ட் 2015இல் வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மூலநிரலையும் திறந்துவைத்தது. ஆனால் ஒரு நுட்பம்: அந்நிறுவனம் ஆயத்தமாகத் தரும் தொகுப்புக்குத் தனி உரிமம் உண்டு. திறந்த மூலநிரலை மட்டும் கொண்டு உருவாக்கப்படுவது விஎஸ்கோடியம்.

வசதிகளைப் பட்டியலிட்டு இவற்றை ஒப்பிடுவது இனிப் பயனற்றது. ஒரு நிரல்மொழியின் பிழைகளைச் சுட்டும் வேலையைத் திருத்தியிலிருந்து பிரித்துத் தனி நிரலிடம் ஒப்படைக்கும் பொதுநெறி 2016இல் வந்தது. நியோவிம் 2021இலும் ஈமாக்ஸ் 2023இலும் அதைத் தம்முள்ளேயே ஏற்றுக்கொண்டன. ஆகவே ஒன்று செய்யும் வேலையைப் பெரும்பாலும் மற்றவையும் செய்யும்.

உண்மையான சோதனை

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொடக்கத்தில் நண்பர் ஒருவரின் அமைப்புக் கோப்பை, சில நூறு வரிகள் இருக்கும், அப்படியே படியெடுத்துக்கொண்டேன். திரை அழகாயிற்று. ஒரு நாள் ஏதோ ஒரு விசையைத் தொட்டதும் வரிகள் இடம் மாறின. எந்த விசை, எந்த வரி, ஏன் என்று ஒன்றும் விளங்கவில்லை. அரைநாள் வீணாயிற்று. பிறர் கைப்பிடியை மாட்டிக்கொண்டதன் பலன் அது!

அன்று நான் கற்ற பாடம் இதுதான்: ஒரு கருவியை எவ்வளவு மாற்றலாம் என்பதைக் காட்டிலும், என்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று அக்கருவியையே கேட்டறிய முடியுமா என்பதே முதன்மையான கேள்வி.

இந்தச் சோதனையில் ஈமாக்ஸ் முதலிடம் பெறுகிறது. கன்ட்ரோல் விசையுடன் எச், பிறகு கே அழுத்தி, ஐயமுள்ள விசையைத் தட்டினால், அது என்ன செய்யும் என்ற விளக்கம் வருகிறது. அங்கிருந்தே அதன் மூலநிரலுக்கும் போகலாம். விம்மில் 'வெர்போஸ் மேப்' என்ற கட்டளை, ஒரு விசையின் பொருளைக் கடைசியாக மாற்றிய கோப்பு எது என்று சொல்லும். இது நல்ல விடையே; ஆனால் இப்படிக் கேட்கலாம் என்பதே புதியவருக்குத் தெரியாது. விஎஸ் கோட், விசைகளை அட்டவணையாகக் காட்டி, அது இயல்பாக வந்ததா, நாம் மாற்றியதா, துணைநிரல் கொண்டுவந்ததா என்று குறிக்கிறது. புதியவருக்கு இதுவே மிக எளிது. எனினும் துணைநிரல்களுக்கு வகுத்த எல்லைக்கு அப்பால் மாற்ற விரும்பினால், திருத்தி முழுவதையும் மீண்டும் உருவாக்க வேண்டும்.

தமிழ் எழுதும்போது

நமக்கே உரிய சோதனை ஒன்றும் உண்டு. நிரலின் நடுவே தமிழில் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. கணிப்பொறியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், விம்மின் கட்டளைகளும் தமிழ் எழுத்தாகிச் செயலிழக்கும். இதற்கு விம்மின் 'கீமேப்' ஏற்பாடு மருந்து. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும்; கட்டளை நிலைக்குத் திரும்பியதும் ஆங்கிலம் தானே வந்துவிடும். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் விம் ஓடும் முனையத் திரைகள் பலவற்றில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்பதுண்டு. ஈமாக்ஸில் தமிழ் உள்ளீட்டு முறை உடன்வருகிறது. கன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் போதும். விஎஸ் கோட் இப்பொறுப்பைக் கணிப்பொறியின் இயக்கமுறைமையிடமே விட்டுவிடுகிறது.

விலை என்ன?

ஈமாக்ஸின் சுதந்தரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதில் எந்தத் துணைநிரலும் எதையும் மாற்றலாம். ஒன்று தடுமாறினால் திருத்தி முழுவதும் உறைந்து நிற்கலாம். விஎஸ் கோட் துணைநிரல்களைத் தனியே ஓடவிடுவதால் திரை உறைவது குறைவு. ஆயினும் அவை நம் கோப்புகளைத் தொட முடியும் என்பதை மறத்தல் ஆகாது. விம்மும் விலக்கன்று. ஒரு கோப்பே தனக்கு வேண்டிய அமைப்பைத் தன் வரிகளில் சொல்லிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. தீய கோப்பு ஒன்றைத் திறந்தாலே அதிலுள்ள கட்டளைகள் ஓடிவிடும் ஓட்டை அவ்வசதியில் இருந்தது 2019இல் தெரியவந்து, அடைக்கப்பட்டது.

முடிவாக

நாளைக்கே வேலை தொடங்க வேண்டிய மாணவருக்கு விஎஸ் கோட் அல்லது விஎஸ்கோடியம் போதும். தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் பணியாற்றுவோர் விம்மைக் கற்பது நலம். பெரும்பாலான யுனிக்ஸ் வகை இயந்திரங்களில் அதுவோ அதன் முன்னோடியோ இருக்கும். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலும் பொறுமையும் உடையவருக்கு ஈமாக்ஸே என் பரிந்துரை. அதை மாற்றக் கற்பவர் நிரல் எழுதவும் சேர்த்தே கற்கிறார்.

எதைத் தேர்ந்தாலும் சரி, ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். அமைப்புக் கோப்பை வெறுமையாகத் தொடங்குங்கள். தேவை ஏற்படும்போது ஒரு வரி சேருங்கள். அது எதற்கு என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஓராண்டில் இருபது வரிகளே சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த இருபதில் எது கெட்டாலும், எங்கே ஆப்பு வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.