ஹோட்டல் அறையும் காத்திருப்பு வரிசையும்: பிரிட்டன் அறிக்கைகளை வாசித்த குறிப்புகள்

பிரிட்டனில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களை ஹோட்டல்களில் தங்க வைப்பது பற்றி 2025-ல் இரண்டு முக்கியமான ஆவணங்கள் வந்தன. மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் தந்த குறிப்பு ஒன்று. அக்டோபரில் வந்த நாடாளுமன்ற உள்துறைக் குழுவின் அறிக்கை இன்னொன்று. இடையில் எப்பிங் என்ற ஊரின் ஹோட்டல் வழக்கு. இவற்றை வாசித்தபோது தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன். (நம்மூரில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. இங்கே பேசுவது தங்கும் ஹோட்டலைப் பற்றி.)

என் விமர்சனம் ஒன்றுதான். அரசு, எதிர்க்கட்சி, போராட்டக்காரர்கள் என்று எல்லோரும் ஹோட்டலையே பார்க்கிறார்கள். ஹோட்டல் என்பது வரிசை எவ்வளவு நீளம் என்று காட்டும் மீட்டர். மீட்டரை உடைத்தால் வரிசை குறையாது.

பணக் கணக்கு

2019-ல் செர்கோ, மியர்ஸ், கிளியர்ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கு 10 வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். அப்போது போட்ட மதிப்பீடு 450 கோடி பவுண்ட். தணிக்கை அலுவலகத்தின் புதிய மதிப்பீடு 1,530 கோடி பவுண்ட். மூன்று மடங்குக்கும் மேல்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு ஜோடி எண்கள். அரசு தங்க வைத்திருப்பவர்களில் ஹோட்டலில் இருப்பது 35 சதவீதம் பேர். ஒப்பந்தச் செலவில் ஹோட்டல்களுக்குப் போவதோ 76 சதவீதம். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால், சாதாரண வாடகை வீட்டில் இருப்பவரைவிட ஹோட்டலில் இருப்பவருக்கு கிட்டத்தட்ட ஆறு மடங்கு செலவாகிறது. மூன்று நிறுவனங்களுக்கும் 2019 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை கிடைத்த மொத்த லாபம் 38.3 கோடி பவுண்ட்.

ஆனால் அங்கே தங்கியிருப்பவர் கையில் கிடைப்பது வாரத்துக்கு சுமார் 10 பவுண்ட். "சொகுசு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்" என்று கோபப்படும் உள்ளூர்க்காரர், செலவுத் தொகையைப் பார்த்தால் சரியாகத்தான் கோபப்படுகிறார். ஆனால் அந்தப் பணம் போய்ச்சேரும் விலாசம் வேறு.

நாடாளுமன்றக் குழு இந்தப் பகுதியை நன்றாகவே செய்திருக்கிறது. உள்துறை அமைச்சகம் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கவில்லை, அதிகப்படி லாபத்தைத் திரும்ப வாங்கவில்லை என்று நேராகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அது ஒரு ஆளுக்கான விலையைத்தான் தீர்மானிக்கும். எத்தனை ஆள் என்பது வேறு கேள்வி.

க்யூ கணக்கு

க்யூ பற்றிப் படித்தவர்களுக்கு லிட்டில் விதி தெரிந்திருக்கும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. ஒரு இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, வருகிறவர்களின் வேகத்தை ஒருவர் அங்கே தங்கும் காலத்தால் பெருக்கினால் வரும். வருஷத்துக்கு 100 பேர் வந்து ஆளுக்கு ஆறு மாதம் இருந்தால் 50 அறை போதும். இரண்டு வருஷம் இருந்தால் 200 அறை வேண்டும். வருகிறவர் எண்ணிக்கை கூடாமலே அறைத் தேவை நான்கு மடங்காகிவிடும்.

பிரிட்டனில் இரண்டுமே கூடின. கோவிட் காலத்தில் யாரையும் வெளியே அனுப்ப முடியாத நிலை, ஹோட்டல்களும் காலி. அதனால் 2020-ல் தற்காலிக ஏற்பாடாகப் பெரிய அளவில் ஹோட்டல் பிடித்தார்கள். 2022-ல் மட்டும் சிறு படகுகளில் 45,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். முடிவு எடுக்கும் வேகமோ ஆமை வேகம். 2023 ஜூன் இறுதியில் முதல்கட்ட முடிவுக்கே காத்திருந்தவர்கள் 1,75,000-க்கும் மேல். அதே செப்டம்பர் இறுதியில் ஹோட்டல்களில் 56,042 பேர்.

அந்த வருஷம் வந்த சட்டவிரோதக் குடியேற்றச் சட்டம் இதை மோசமாக்கியது. படகில் வந்தவர்களின் மனுக்களைப் பரிசீலிக்காமல் நாட்டைவிட்டு அனுப்புவது நோக்கம். ஆனால் அனுப்ப இடம் இல்லை. ருவாண்டா திட்டம் நடக்கவே இல்லை. முடிவும் கிடையாது, வெளியேற்றமும் கிடையாது என்றால் காத்திருப்புக் காலம் முடிவிலி. லிட்டில் விதியில் முடிவிலியைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடுமை காட்ட வந்த சட்டம் ஹோட்டலை நிரப்பத்தான் உதவியது.

2024-ல் ஆட்சி மாறியதும் முடிவெடுப்பது மறுபடி ஓடத் தொடங்கியது. 2025 ஜூன் இறுதியில் முதல்கட்ட முடிவுக்குக் காத்திருந்தவர்கள் சுமார் 91,000. ஹோட்டலில் 32,059. சந்தோஷம். ஆனால் நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போக, தீர்ப்பாயத்தில் 2025 மார்ச்சில் தேங்கியிருந்த வழக்குகள் கிட்டத்தட்ட 51,000. அகதி என்று ஏற்கப்பட்டவர்களிலோ, தனி ஆளாக இருப்பவர் பெரும்பாலும் 28 நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வேலையும் முன்பணமும் இல்லாமல் 28 நாளில் யாருக்கு வீடு கிடைக்கும்? அவர் உள்ளூர் கவுன்சிலின் வீடற்றோர் பட்டியலுக்குப் போகிறார். நம் பாஷையில் சொன்னால், டிக்கெட்டை மூடவில்லை, வேறு டீமுக்கு அசைன் பண்ணியிருக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் எங்கே பேசுவது?

எப்பிங்கில் உள்ள பெல் ஹோட்டல் 2020-21-ல் ஒரு முறை, 2022-24-ல் ஒரு முறை, பிறகு 2025 ஏப்ரல் முதல் என மூன்று தடவை இதற்குப் பயன்பட்டது. 2025 ஜூலையில் அங்கே தங்கியிருந்த ஒருவர் 14 வயதுப் பெண்ணிடம் பாலியல் குற்றம் செய்ததாகக் கைதானார். செப்டம்பரில் தண்டனையும் பெற்றார். ஜூலையிலேயே போராட்டம் வெடித்துவிட்டது. ஒரு தாயின் பயத்தை "இனவெறி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. ஒருவர் செய்த குற்றத்தை உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் பேர் தலையிலும் கட்டுவதும் அதே மாதிரிதான்.

நான் கவனித்தது வழக்கின் மொழியை. கவுன்சில் நீதிமன்றம் போனது நகர்த்திட்ட விதியைப் பிடித்துக்கொண்டு. ஹோட்டலாக அனுமதி பெற்ற கட்டடம் இன்னும் ஹோட்டல்தானா, இல்லை பயன்பாடு மாறிவிட்டதா என்பதே சட்டக் கேள்வி. ஆகஸ்ட் 19-ல் இடைக்காலத் தடை கிடைத்தது, 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நவம்பரில் முழு விசாரணையிலும் கவுன்சில் தோற்றது. கிரேட் யார்மத் மட்டும் 2022-ல் ஜெயித்தது. காரணம், கடற்கரை ஹோட்டல்களைச் சுற்றுலாவுக்கென ஒதுக்கும் கொள்கை அந்த ஊரின் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

போராட்டம் நடப்பதையே தடைக்குக் காரணமாக ஏற்றால் அது மேலும் போராட்டத்தைத் தூண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தர்க்கம் சரிதான். ஆனால் ஊர்க்காரர் பக்கமிருந்து பாருங்கள். ஹோட்டலைப் பிடிப்பது அமைச்சகமும் ஒப்பந்தக்காரரும். ஊரிடம் முன்கூட்டியே பேசுவதில்லை. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பள்ளி இடம், கல்யாண வரவேற்புக்கு இருந்த ஹால் போனது, இதையெல்லாம் சொல்ல ஒரு மேசை இல்லை. மிச்சம் இருப்பது நீதிமன்றமும் தெருவும்தான். நீதிமன்றம் கட்டடப் பயன்பாட்டை மட்டுமே கேட்கும். தெருவில் யார் மைக் பிடிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

2024 ஆகஸ்ட் 4-ல் ராதரம் அருகே ஒரு ஹோட்டலைச் சூழ்ந்து தீ வைக்க முயன்றார்கள். உள்ளே 200-க்கும் மேற்பட்டவர்கள், ஊழியர்களும்கூட. கிளப்பிவிட்ட வதந்தி, சவுத்போர்ட்டில் குழந்தைகளைக் கொன்றவன் படகில் வந்தவன் என்பது. அவன் கார்டிஃபில் பிறந்தவன்.

நம் ஆட்கள் போன காலம்

80-களிலும் 90-களிலும் இலங்கைத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் லண்டன் போனார்கள். அன்றைக்கும் வரவேற்பு ஒன்றும் தாம்பூலத்தோடு இல்லை. 1987-ல் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணக் கப்பலில் பெரும்பாலும் தமிழர்களை அடைத்து வைத்தார்கள். அக்டோபர் புயலில் அது கட்டறுத்துக்கொண்டு தரைதட்டியது, பிறகு அவர்களை விடுவித்தார்கள்.

ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஆறு மாதம் முடிவு வரவில்லை என்றால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். எங்கே தங்குவது என்பதையும் பெரும்பாலும் அவர்களே தீர்மானித்தார்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை, பெட்ரோல் பங்கில் நைட் ஷிஃப்ட், அப்புறம் சொந்தமாக ஒரு கடை. ஈஸ்ட் ஹாமும் டூட்டிங்கும் அப்படி உருவான இடங்கள். ஊர்க்காரர் அவர்களைச் சந்தித்தது கல்லாவுக்கு அந்தப் பக்கத்தில்.

தங்கும் இடத்தை அரசே ஒதுக்கும் முறை 1999 சட்டத்தோடு வந்தது. ஆறு மாத வேலைச் சலுகை 2002 ஜூலையில் போனது. இன்றைக்கு ஒரு வருஷம் காத்திருந்த பிறகுதான் கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைக்கு மட்டும். வேலை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டு, ஊர் நடுவே ஒரு கட்டடத்தில் வைத்து, "பாருங்கள், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றால் எப்படி?

அறிக்கையில் நான் தேடுவது

2029-க்குள் ஹோட்டல்களை மூடுவதாக அரசு சொல்கிறது. திட்டம் இல்லாமல் வாக்குறுதி வேண்டாம் என்று குழு எச்சரித்திருப்பது நல்லது. ஆனால் அக்டோபரில் அரசு அறிவித்த மாற்று, இன்வெர்னஸிலும் கிரோபரோவிலும் ராணுவக் குடியிருப்புகள். 2023-ல் பிபி ஸ்டாக்ஹோம் மிதவையில் ஆட்களை ஏற்றிய சில நாளிலேயே தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி இருந்து எல்லோரையும் இறக்க வேண்டியிருந்தது. பெட்டியை மாற்றுவதால் வரிசை குறைவதில்லை. ஹோட்டல் எண்ணிக்கை பூஜ்யமாகலாம், அதே ஆட்கள் முகாமிலும் தீர்ப்பாய வரிசையிலும் தெருவிலும் இருப்பார்கள்.

நான் கேட்பது மூன்று எண்கள். மனு கொடுத்த நாளிலிருந்து மேல்முறையீடு உட்பட இறுதி முடிவு வரை எத்தனை நாள். முடிவுக்குப் பின் சொந்த வாடகையில் குடிபோக, அல்லது நாட்டைவிட்டு அனுப்பப்பட, எத்தனை நாள். ஒரு கட்டடத்தைப் பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு அந்த ஊருக்குச் சொன்னார்கள். ஹோட்டல் எண்ணிக்கையோடு இந்த மூன்றையும் ஒவ்வொரு காலாண்டும் ஊர்வாரியாக வெளியிடட்டும். அதைப் பார்த்தால் எப்பிங்காரருக்கும் தெரியும், அவர் கோபப்பட வேண்டியது பெல் ஹோட்டல் வாசலிலா, உள்துறை அமைச்சகத்தின் வாசலிலா என்று.