காணப் பொறாத கண்

காதற் பாடல்களுள் பெரும்பாலானவை பிறந்த சில திங்களிலேயே மறைந்துபோகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், புளூஸ் இசை மரபுகள் கலந்த 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' என்னும் பாடல் அவ்வாறு மறையவில்லை. எட்டா ஜேம்ஸ் (1938–2012) 1967-இல் அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் நகரில் பாடிப் பதிவுசெய்த இது, 'டெல் மாமா' என்ற பாடலுக்கு மறுபக்கமாகவே இசைத்தட்டில் வெளிவந்தது. ஆயினும் 1969-இல் இங்கிலாந்தின் சிக்கன் ஷாக் குழுவினரும், 1972-இல் ராட் ஸ்டுவர்ட்டும், 2008-இல் பியான்சேயும் இதனைத் தேடியெடுத்துப் பாடினர். இந்த நீடித்த ஈர்ப்புக்குக் காரணம் யாது?

பாடலின் செய்தி மிகச் சிறிது. காதலன் வேறொருத்தியுடன் உரையாடுவதை ஒரு பெண் காண்கிறாள். எவரும் அவளிடம் எதுவும் கூறவில்லை. கண்ட காட்சியே அனைத்தையும் உணர்த்திவிடுகிறது. அவன் பிரிந்து செல்வதைக் காண்பதினும் பார்வையிழப்பதே மேல் என்கிறாள். அவனைச் சபிக்கவில்லை, மற்றவளைப் பழிக்கவில்லை. சாட்சி சொன்ன தன் கண்ணையே தண்டிக்க முற்படுகிறாள். இசையும் அத்தகையதே. இரண்டே சுரக்கூட்டுகள் மாறி மாறி வருகின்றன. துயருற்ற உள்ளம் ஒரே எண்ணத்தைச் சுற்றிவருவது போல.

திருமறையின் யூசுப் அத்தியாயத்தை ஓதுவோர்க்குத் துயருக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு புதிதன்று. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் கவலையால் வெளுத்துப்போயின. அங்கே காணாமையால் பார்வை போயிற்று. இங்கே கண்டமையால் பார்வை வேண்டாததாயிற்று. தந்தையின் பாசத்தையும் காதலியின் வேட்கையையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. எனினும், அன்பின் இழப்பைக் கண்ணே முதலில் சுமக்கிறது என்னும் உண்மை இரண்டிலும் உண்டு.

வேற்றுமையும் ஈண்டே விளங்கும். நபியவர்கள் தம் துயரை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள்; அவனது அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்று மக்களுக்கு உரைத்தார்கள்; இறுதியில் பார்வையும் மீண்டது. பாடலின் பெண்ணுக்கோ முறையிட ஓர் இடமில்லை. அவள் துயரம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இத்தகைய பாடல்களை வெறும் களியாட்டமென ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அவர் கூற்று இதற்குப் பொருந்தாது. இதில் களிப்பில்லை, ஒளிவுமறைவற்ற வேதனை உண்டு. நோயை மிகையின்றி உரைத்தமையே இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். மருந்தை இது அறியாது. மருந்தை அறிந்தோர் இதனைக் கேட்டு இரங்கலாம், இதிலேயே தங்கிவிடலாகாது.