2.8 அங்குலத்தில் மரியோ

ராஸ்பெரி பையில் பழைய வீடியோ கேம் ஓட்டுவது பற்றிய வழிகாட்டிகளில் இந்த வரி தவறாமல் வரும்: ‘ஸ்கிரீனை மாட்டுங்க, ஸ்கிரிப்டை ஓட்டுங்க, ரீபூட் பண்ணுங்க, அவ்வளவுதான்.’ அந்த ‘அவ்வளவுதான்’ மேல்தான் எனக்குப் பிராது.

பொங்கல் லீவுக்கு ஆண்டிமடத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா பையனுக்குக் கொடுத்திருந்த வாக்குப்படி ஒரு பை 3, அதில் ரெட்ரோபை, மேலே ஜிபிஐஓ ஊசிகளில் செருகும் 3.5 அங்குல ஸ்கிரீன் எல்லாம் கொண்டுபோனேன். ஸ்கிரீனோடு வந்த ஸ்கிரிப்ட் என்னுடைய கான்ஃபிக் ஃபைலைக் கேட்காமலே அழித்து எழுதியது. போகட்டும், படம் வந்தது. பையன் அஞ்சு நிமிஷம் ஆடினான். “மாமா, மரியோ ஓடறப்ப ரெண்டா தெரியறாரு.” கண்ணைக் கழுவிட்டு வாடா என்றேன். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

அந்த ஸ்கிரீனில் 480க்கு 320, மொத்தம் 1,53,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 16 பிட். ஆக ஒரு முழுப்படம் ஏறக்குறைய 24.6 லட்சம் பிட். இது போவது எஸ்பிஐ என்ற ஒற்றைக் கம்பிப் பாதையில். அதை 32 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் வினாடிக்கு 3.2 கோடி பிட். வகுத்தால் வருவது 13 படம். கேமோ வினாடிக்கு 60 படம் வரைகிறது. மீதி 47 எங்கே போச்சு? வழியிலேயே விழுந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், இந்த மாதிரி ஸ்கிரீனுக்கு பையின் கிராபிக்ஸ் பகுதி நேரடியாக வரைவதில்லை. எச்டிஎம்ஐக்காக வரைந்து வைத்த படத்தை இன்னொரு புரோகிராம் நகலெடுத்து, எஸ்பிஐ வழியே தள்ளுகிறது. நாம் பார்ப்பது நகல். வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. நின்டெண்டோவின் படம் 256க்கு 240. அந்த 240 வரியை 320 ஆக இழுத்தால் மூணு வரி நாலாகும். ஒரு வரி தடி, ரெண்டு வரி மெலிசு. மரியோவின் தொப்பி ஒரு நேரம் ஒரு மாதிரி இருக்கும். பெரிசு நல்லது என்று நினைத்து 3.5 வாங்குகிறோம். உண்மையில் 320க்கு 240 உள்ள 2.8 அங்குலத்தில்தான் வரிக்கு வரி பொருந்தும். புள்ளிகளும் சரியாகப் பாதி, அதனால் வேகம் இரட்டிப்பு, 26 படம். (அகலத்தில் ரெண்டு பக்கமும் 32 புள்ளி கறுப்பாக நிற்கும். நிற்கட்டும்.)

யுக்கா யூலாங்கி எழுதிய டிரைவர் ஒன்று இந்த 26-ஐயும் தாண்டுகிறது. மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்புவதுதான் அதன் சூட்சுமம். பேக்-மேனில் சுவர் நகராது, அதனால் வழவழவென்று ஓடும். மரியோ, கான்ட்ரா மாதிரி பின்னணி முழுக்க நகரும் கேம்களில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. தவிர அது நம்பியிருப்பது பையின் பழைய கிராபிக்ஸ் பாதையை. 2021 கடைசியில் வந்த புல்ஸ்ஐ முதல் பாதை மாறிவிட்டதால் புது சிஸ்டத்தில் அப்படியே போட்டால் ஓடாது. ஆக, ஸ்கிரீன் வாங்குமுன் கேட்க வேண்டியது ‘எத்தனை அங்குலம்’ அல்ல, ‘எந்த கேம், எந்த சிஸ்டம்’.

மறுநாள் காலையில் அக்கா பரணைக் காட்டி, “தம்பி, அந்த டிவிய இறக்கி வையேன். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார்”னு சொன்னாங்க. 2006ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி. இறக்கினேன். பை 3-ல் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருக்கிறது. பாட்டுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதில் வீடியோவும் வரும். முந்திரி மூட்டை அடுக்கியிருந்த ரூமில் பழைய கேம்கார்டர் வயர் ஒன்று கிடைத்தது. மஞ்சளை மஞ்சளில் செருகினால் படமே இல்லை. பையில் வீடியோ வருவது பின்னின் அடிப்பகுதியில், அந்த வயரில் அது சிவப்புக்குப் போகிறது. சிவப்பை மஞ்சளில் செருகியதும் படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளை. சொல்லாவிட்டால் பை அமெரிக்க முறையில் அனுப்பும். கான்ஃபிக்கில் எஸ்டிடிவி மோடை 2 என்று மாற்றியதும் கலர் வந்துவிட்டது.

இதிலும் குறை உண்டு. நம்ம டிவி முறை வினாடிக்கு 50, கேம் 60. ஆறு படத்துக்கு ஒன்று விழும். பையன் அதையும் கண்டுபிடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பசங்க மூணு பேரோடு தரையில் உட்கார்ந்து, ‘என் டர்ன்டா’ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை இரும்புக்காரருக்கு ஓட்டை அண்டா ஒன்று மட்டும்தான் போனது. ஊர் திரும்பி ஒரு 2.8 வாங்கினேன். அதில் பேக்-மேன் மட்டும் ஆடுகிறேன்.