நான்கு ஊக்குகள்

வாஷிங்டனில் ஏப்ரல் வாக்கில் நடக்கும் செர்ரி பிளாசம் பத்து மைல் ஓட்டம் என்றாலே எல்லோரும் பூக்களைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிரியம் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டைமேல். காகிதம் மாதிரி லேசு. ஆனால் வியர்வையில் ஊறாது, எளிதில் கிழியாது. விரல் பட்டாலே மொரமொரவென்று பேசும்.

முந்தின இரவு, பாத்திரம் கழுவி, பிள்ளைகளின் துணிகளை மடித்து வைத்தபின், சாப்பாட்டு மேசையில் பனியனை விரித்து அதில் எண் அட்டையைக் குத்துவது தனிச் சுகம். மேலே இரண்டு ஊக்கு, கீழே இரண்டு. இழுத்துக் குத்தினால் மூச்சு வாங்கும்போது துணி பிடிக்கும். தளர்த்திவிட்டால் போடோமாக் ஆற்றங்கரைக் காற்றில் படபடவென்று அடிக்கும். தூக்கக் கலக்கத்திலும் மகள் ஒவ்வோர் ஊக்காகத் திறந்து, கூர்முனை என் பக்கம் வராமல் திருப்பி நீட்டுவாள். அந்தப் பொறுமையில் ஒரு கைத்தேர்ச்சி தெரியும். 'டிக்' என்று கடைசி ஊக்கு பூட்டிக்கொள்ளும்போது மனசும் நிமிரும். வாரமெல்லாம் வீட்டுக்காக ஓடுகிறவர்களுக்கு, பத்து மைல் தூரம் தமக்கென்றே ஓட உரிமை தருகிறது இந்த அட்டை. அதற்காகவே இதைக் கொண்டாடலாம்.