வாலிலிருந்து விலாவுக்கு

போர்ஷே 914 காரின் கியர் லீவரை முதல்முறை பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: லீவர் எங்கே போய் நிற்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. விழுந்தது இரண்டாவது கியரா நான்காவதா என்ற சந்தேகம், கிளட்சை விட்டு வண்டி இழுக்கும்வரை தீர்வதில்லை. 1970 முதல் 1972 வரை வந்த மாடல்களில் இந்தக் குழப்பம் அதிகம். அதனால் இந்தப் பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்பவர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. 1973 மாடலில் வந்த கியர் இணைப்பைக் கழற்றி வந்து முந்தைய வண்டியில் பொருத்திவிடுகிறார்கள். டெயில் ஷிஃப்டரை சைடு ஷிஃப்டராக மாற்றுவது என்று இதற்குப் பெயர். நல்ல காரணம் உள்ள வேலைதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் புகழில் பாதி அதற்கு உரியதல்ல என்பது என் கருத்து.

குறை எங்கே பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 911 காரில் எஞ்சின் பின்கோடியில் இருக்கிறது. அதற்கு முன்னால் கியர்பாக்ஸ், அதன் மூக்கு ஓட்டுநரைப் பார்த்தபடி. லீவரிலிருந்து போகும் ராடு நேராக அந்த மூக்கில் நுழைந்துவிடும். போர்ஷேவும் ஃபோக்ஸ்வேகனும் சேர்ந்து உருவாக்கி, 1969 பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டிய 914 காரோ, இருக்கைகளுக்குப் பின்னால், வண்டியின் நடுவில் எஞ்சினைக் கொண்டது. 911 காருக்காகக் கைவசம் இருந்த 901 வகை கியர்பாக்ஸையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மூக்கு இப்போது வண்டியின் வால்பக்கம் போய்விட்டது; ஓட்டுநரின் கையோ முன்னால். ஆகவே ராடு இருக்கைகளுக்கு இடையே உள்ள சுரங்கத்தில் தொடங்கி, எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரைத் துளைத்து, எஞ்சினை ஒட்டி ஓடி, கியர்பாக்ஸையும் கடந்து, அதன் வாலுக்குப் போய்ப் பின்புறமாக உள்ளே நுழைகிறது. முன்வாசல் அடைபட்ட வீட்டுக்குக் கொல்லைப்புறம் சுற்றிப் போவது போல. வழியில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பிளாஸ்டிக் புஷ். கடைசி மூட்டுகள் சைலென்சரின் சூட்டுக்கும் சாலைப் புழுதிக்கும் நடுவே வெட்டவெளியில் கிடக்கின்றன.

1973 மாடலில் இதைத் திருத்தினார்கள். ராடு வால்வரை சுற்றாமல் கியர்பாக்ஸின் விலாவிலேயே நுழைந்தது. 100 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்ததும் அதே மாடல் ஆண்டில்தான். உற்பத்தியாளரே முந்தைய ஏற்பாட்டைக் கைவிட்டிருக்கிறார் என்பதுதான் மாற்றுபவர்களின் வலுவான வாதம். அதை நான் மறுக்கவில்லை. இது யாரோ ஒரு பட்டறையில் தோன்றிய யோசனை அல்ல. அதே குடும்பத்து உதிரிபாகம், அதே காருக்காகச் செய்தது. பழைய கார்களில் செய்யப்படும் மாற்றங்களில் இவ்வளவு நியாயமான பிறப்பு உள்ளவை குறைவு.

சிக்கல் ஒப்பிடும் முறையில் இருக்கிறது. மாற்றத்துக்கு முன் அந்த வண்டியில் இருந்தது ஐம்பது வருடத்துத் தேய்ந்த புஷ்கள். மாற்றம் செய்யும்போது எல்லாப் புஷ்களும் புதிதாகின்றன, மூட்டுகளுக்குக் கிரீஸ் கிடைக்கிறது, லீவர் முதல்முறையாகச் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படுகிறது. மறுநாள் ஓட்டிப் பார்த்து "அடடா, வேறு வண்டி போல இருக்கிறதே!" என்று மகிழ்பவர் அந்த மகிழ்ச்சி முழுவதையும் புதிய இணைப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார். தேய்ந்த டெயில் ஷிஃப்டரை, புத்தம்புது சைடு ஷிஃப்டரோடு ஒப்பிட்டால் வேறு என்ன விடை வரும்? புது புஷ் போட்ட டெயில் ஷிஃப்டரோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அப்போதும் சைடு ஷிஃப்டரே மேல். ஆனால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஒருவர் அடியில் படுக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை மெல்ல ஆட்ட வேண்டும். லீவர் அசைகிறது, ராடு அசையவில்லை என்றால் லீவரின் அடியில் உள்ள கிண்ணப் புஷ் போய்விட்டது. ராடு நீளவாக்கில் நகராமல் பக்கவாட்டில் துள்ளுகிறதா? தடுப்புச் சுவரில் இருக்கும் புஷ் நொறுங்கியிருக்கிறது. முன்ராடு நகர்ந்து பின்ராடு ஒரு கணம் தயங்கினால், இரண்டையும் பிணைக்கும் கூம்புமுனை ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம்தான். அவ்வளவும் சேர்ந்து லீவரின் உச்சிக்கு வரும்போது விரலகலமாகத் தெரிகிறது. இந்தப் புஷ்களை மாற்றுவது ஒரு சனி, ஞாயிறில் முடியக்கூடிய வேலை. இணைப்பையே மாற்றுவதென்றால் கதை வேறு: ராடுகள், விலாவில் பொருந்தும் கன்சோல், உள்ளே ஓடும் செலக்டர் தண்டு எல்லாம் வேண்டும், எண்ணெயை வடித்து, கியர்பாக்ஸின் வால்பக்கத்தைத் திறந்தாக வேண்டும்.

ஆரோக்கியமான டெயில் ஷிஃப்டர் என்ன செய்யும் என்பதற்கு 1970ஐப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு லெமான் 24 மணிப் பந்தயத்தில் ஆறு சிலிண்டர் கொண்ட ஒரு 914/6 ஜிடி மொத்தத்தில் ஆறாவதாகவும் ஜிடி பிரிவில் முதலாவதாகவும் வந்தது. அதே ஆண்டு நூர்பர்கிங்கில் நடந்த மரதோன் தெ லா ரூத் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் அந்த வகைக் கார்களே பிடித்தன. அத்தனையும் வால்வழி கியர் போடும் வண்டிகள். பந்தய அணிகளின் பராமரிப்பு வீட்டு வண்டிக்குக் கிடைக்காதுதான். ஆனால் அந்த வடிவமைப்பே உதவாது என்ற பேச்சு அங்கே அடிபட்டுப் போகிறது.

இணைப்பை மாற்றியும் தீராதவை உண்டு. முதல் கியர் இடப்பக்கம் பின்னால், ரிவர்ஸ் அதற்கு நேர் முன்னால் என்ற அமைப்பு அப்படியேதான் இருக்கும். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது லீவரைக் குறுக்காகத் தள்ளித்தான் ஆக வேண்டும். போர்ஷேவின் பழைய பாணி சிங்க்ரோ அவசரப்படுத்துவதை விரும்பாது. லீவர் எவ்வளவு துல்லியமானாலும், கை ஒரு கணம் நிதானிக்காவிட்டால் முறுமுறுக்கும். தேய்ந்த சிங்க்ரோவின் குற்றத்தை இணைப்பின் தலையில் கட்டி, பணம் செலவழித்த பிறகு ஏமாந்து நிற்பவர்களுக்காக எனக்கு வருத்தமே உண்டு.

ஆறு சிலிண்டர் வண்டிகளை இதில் தனியாக வைக்க வேண்டும். 914/6 மொத்தமே சுமார் 3,300தான் செய்யப்பட்டது, எல்லாம் 1972க்குள். நான்கு சிலிண்டர் வண்டிகளோ ஒரு லட்சத்துக்கும் மேல். 914/6 ஒன்றில்கூட ஆலையிலிருந்து சைடு ஷிஃப்டர் வந்ததில்லை. அதில் இந்த மாற்றத்தைச் செய்வது வண்டியின் சாட்சியத்தை அழிப்பது. வாலைச் சுற்றிப் போகும் அந்த ராடுதான், இருப்பதை வைத்து ஒரு நடு எஞ்சின் காரைக் கட்டிய கதையைச் சொல்கிறது.

நான்கு சிலிண்டர் வண்டி, தினமும் ஓட்டும் ஆள், வேறு வேலைக்காக கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறது, 1973 மாடல் முதல் வந்த முழுமையான பாகத்தொகுதி கையில் இருக்கிறது: அப்போது தயங்காமல் செய்யலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதலில் புஷ்களைப் புதுப்பித்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். மாற்றியே தீருவேன் என்பவரும் கழற்றிய ராடுகள், வால்மூடி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் துடைத்து, பெயர் எழுதி, ஒரே பெட்டியில் கட்டி வைக்க வேண்டும். வண்டியை விற்கிற நாளில் சாவியோடு அந்தப் பெட்டியும் கைமாற வேண்டும்.